பதக்கத்தின் விளிம்பு: பெரம்பலூர், அரியலூர் வட்டாரத்தில் பட்டாளமும் தோட்டமும்



நினைவுச் சொற்பொழிவு என்றால் ஒரு நூலையோ ஓர் ஆளுமையையோ எடுத்துக்கொண்டு பேசுவது நம் மன்றத்தின் வழக்கம். இம்முறை நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஓர் உலோகத் துண்டை. உள்ளங்கையில் வைத்தால் அடங்கிவிடும். ஒரு பக்கம் ராஜா தலை, மறுபக்கம் ஏதோ ஆங்கில எழுத்து. பட்டாளத்தில் இருந்து வந்து, பிறகு சர்க்கார் தோட்டத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக் காலம் கழித்த ஒருவருடைய மெடல்.

'பட்டாளத்துக்காரர் வீடு', 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று பெயர் பெற்ற வீடுகளை நம் காலனிகளில் பார்த்திருக்கிறோம். பட்டாளத்துக்காரர் போய்ப் பல காலம் ஆகியிருக்கும், வீடும் ஓட்டிலிருந்து மெத்தைக்கு மாறியிருக்கும், பெயர் மட்டும் மாறாது. பெட்டியின் அடியில் பதக்கம் கிடக்கும். அல்லது அடகுக் கடைக்குப் போயிருக்கும், குழந்தைக்குக் கொலுசாகியிருக்கும். பெயர் நிற்கிறது, பொருள் போய்க்கொண்டிருக்கிறது. பொருள் முழுதாகப் போவதற்குள் அதை எப்படி வாசிப்பது என்பதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதான் இந்த உரையின் நோக்கம்.

பதக்கத்தைக் கையில் எடுத்தவர்கள் அதன் முகத்தைப் பார்க்கிறார்கள். முகத்தில் இருப்பது அரசன். நாம் பார்க்க வேண்டியது விளிம்பை. நாணயத்தில் கோடு போட்டிருக்குமே, அந்த இடம். முதல் உலகப் போர்ப் பதக்கங்களில் அங்கேதான் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு ஆகியவற்றைப் பொறித்தார்கள். விளிம்புநிலை மக்கள் என்று நம்மைச் சொல்கிறவர்கள் உண்டு. நம்முடைய பாட்டன் பெயரும் விளிம்பில்தான் இருக்கிறது.

1. எந்த மண்ணிலிருந்து

இன்று பெரம்பலூரும் அரியலூரும் இரண்டு மாவட்டங்கள். பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் மறுபடி தனி மாவட்டமானது. நாம் பேசப்போகும் காலத்தில் இவை எல்லாம் திருச்சிராப்பள்ளி ஜில்லா. ஆகவே அந்தக் காலத்துப் படைத் தாள்களில் 'பெரம்பலூர் மாவட்டம்' என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. ஜில்லா திருச்சிராப்பள்ளி, தாலுகா பெரம்பலூர் அல்லது உடையார்பாளையம் என்று தேட வேண்டும்.

படைகளுக்குப் பழகிய மண் இது. பெரம்பலூருக்கு வடக்கே ரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. அதையடுத்த வாலிகண்டபுரத்தில் 1751இல் ஆங்கிலேயக் கம்பெனிப் படையும், சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் சேர்ந்த படையும் மோதின. கிழக்கே போனால் கங்கைகொண்ட சோழபுரம். வென்ற நாடுகளை வரிசையாகச் சொல்லும் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்தியை நாம் அறிவோம். கங்கை வரைக்கும் நடந்து போன காலாட்களின் பெயர் அந்த வரிசையில் கிடையாது. போரில் விழுந்தவனின் பெயரை எழுதிய கல் ஒன்று தமிழ் மண்ணில் இருந்தது. அது நடுகல். மாடு மீட்கப்போய் மாண்டவனின் பெயரும் அதில் வரும். அரசனின் கல்வெட்டு அரசனைச் சொல்லும், நடுகல் ஆளைச் சொல்லும். பதக்கத்தின் முகமும் விளிம்பும் அப்படிப்பட்ட இரண்டு எழுத்துகள்தாம்.

இந்த வட்டாரத்தின் பெரும்பகுதி மானாவாரி. கரிசலும் சுண்ணாம்புக்கல்லும் கலந்த நிலம். மழை பெய்தால் சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் பஞ்சம் பிழைக்கப் போக வேண்டியதுதான். நிலம் இல்லாதவர்களுக்கு முன்னால் இருந்த வழிகள் சில. பண்ணையில் படியாளாகக் கிடப்பது ஒன்று. கங்காணி பின்னால் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறுவது ஒன்று. கோலார் தங்கவயலில் இறங்குவது ஒன்று. பட்டாளத்தில் சேர்வது இன்னொன்று. பெரம்பலூருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. விழுப்புரத்தையும் திருச்சியையும் அரியலூர் வழியாக நேராக இணைத்த கார்டு லைன் 1920களின் இறுதியில்தான் வந்தது. முதல் உலகப் போருக்குப் போனவர்கள் இந்த ஊர்களிலிருந்து கால்நடையாகவோ வண்டியிலோ வெளியூர் போய்த்தான் ரயிலைப் பார்த்திருக்க முடியும். அங்கிருந்து பெங்களூர், பெங்களூரிலிருந்து பம்பாய், பம்பாயிலிருந்து கப்பல்.

2. மண்வெட்டியும் துப்பாக்கியும்

பெங்களூர் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மெட்ராஸ் சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் என்ற படையின் தலைமையிடம் அது. 1780இல் இரண்டு பயனியர் கம்பெனிகளாகத் தொடங்கியது அந்தப் படை. சாலை போடுவது, பாலம் கட்டுவது, அகழி தோண்டுவது, கண்ணிவெடி எடுப்பது இவர்கள் வேலை. இதே வேலையைச் செய்தவை பயனியர் படைகள். 61, 64, 81 என்று எண்ணிட்ட மூன்று மெட்ராஸ் பயனியர் படைகள் முதல் உலகப் போரின்போது இருந்தன. ஒரு தோளில் துப்பாக்கி, ஒரு தோளில் கடப்பாரையோ மண்வெட்டியோ. பறையர் சமூகத்தவர் பெரும் எண்ணிக்கையில் சேர முடிந்த இடங்கள் இவை. 19ஆம் நூற்றாண்டில் மெட்ராஸ் ராணுவத்தின் காலாட்படைப் பிரிவுகள் பலவற்றில் அவர்களுக்குக் கதவு சாத்தப்பட்டிருந்தது. சாப்பர், பயனியர், பீரங்கி இழுக்கும் லஸ்கர், பேண்டு வாத்தியம், பாசறை ஏவல் என்ற பக்கங்களில் மட்டும் திறந்திருந்தது.

இதில் ஒரு கணக்கு இருந்தது. கிராமத்தில் மண்வெட்டி பிடித்த கையைப் பட்டாளத்திலும் மண்வெட்டி பிடிக்க வைப்பது அரசுக்கு எளிது. ஆனால் அந்தக் கணக்கை மீறியும் ஒன்று நடந்தது. மண்வெட்டியோடு துப்பாக்கியும் வந்தது. சீருடை வந்தது. மாதச் சம்பளம் வந்தது. படைப் பள்ளிக்கூடம் வந்தது. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி படையில் சுபேதார். படையின் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். அந்த வீட்டில் படிப்பு எப்படி நுழைந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. எம்.சி. ராஜா பிறந்தது பரங்கிமலை என்ற படைக் குடியிருப்பில். தலித் அரசியலின் முதல் தலைமுறையைத் தேடிப்போனால் பாதை பல இடங்களில் கண்டோன்மென்ட் வாசலைத் தொட்டுவிட்டுத்தான் போகும்.

கதவு திறந்தே இருந்துவிடவில்லை. 1880களில் முதலில் மெட்ராஸிலும் பின்னர் இந்தியா முழுமைக்கும் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ் பிரபு, தெற்கத்தியர் போருக்கு லாயக்கற்றவர்கள் என்ற கருத்தைக் கொள்கையாக்கினார். 'போர்க்குடிகள்' என்ற ஒரு பட்டியல் பிறந்தது. வடமேற்கே இருந்தவர்கள் அதில் ஏறினார்கள், தெற்கே இருந்தவர்கள் இறங்கினார்கள். மகர் மக்களைச் சேர்ப்பது 1890களின் தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. மெட்ராஸ் காலாட்படைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. 1914இல் போர் வந்ததும் ஆள் தேவைப்பட்டது. 61ஆவது பயனியர் படை அந்த ஆண்டு நவம்பரிலேயே கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கப்பட்டது. போர் முடிந்ததும் ஆள் தேவைப்படவில்லை. 3ஆவது மெட்ராஸ் ரெஜிமென்ட் 1920களில் கலைந்தது. பயனியர் படைகள் அனைத்தும் 1933இல் கலைக்கப்பட்டன. எஞ்சியது சாப்பர் மட்டும். 1939இல் மறுபடி போர், மறுபடி ஆள் தேவை. 1941இல் மகர் ரெஜிமென்ட் உருவானது. மெட்ராஸ் ரெஜிமென்டும் மீண்டும் எழுந்தது. 1943இல் சமார் ரெஜிமென்ட் உருவாகி 1946இல் கலைக்கப்பட்டது.

அறுவடைக்குக் கூப்பிட்டு, களம் தூற்றியதும் போகச் சொல்வது பண்ணையில் நாம் பார்த்த பழக்கம். பேரரசும் அதையே செய்தது. போர்க்குடி என்பது பிறப்பிலே வருவதானால் 1914இலும் 1939இலும் நமக்கு அது எப்படித் திடீரென்று வந்தது, 1918க்கும் 1945க்கும் பிறகு எப்படிப் போனது? இந்தக் கேள்வியை வெள்ளைத் தளபதிகளிடம் மட்டும் கேட்டால் போதாது. வீரத்தைச் சாதிக்குச் சொத்தாக எழுதிவைக்கும் நம்மூர்க்காரர்களிடமும் கேட்க வேண்டும்.

3. உலோகத்தில் ஒரு படிநிலை

இனிப் பதக்கங்களுக்கு வருவோம். எல்லாப் பதக்கமும் ஒரே உலோகம் இல்லை.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பேரரசு ஒரு வழக்கம் வைத்திருந்தது. ஒரே போர், ஒரே அச்சு, ஒரே ராணி தலை. ஆனால் சிப்பாய்க்கு வெள்ளி, ஏவலருக்கு வெண்கலம். தண்ணீர் சுமந்தவர், சமைத்தவர், கோவேறு கழுதை ஓட்டியவர், டோலி தூக்கியவர், கழிவு அள்ளியவர் எல்லாரும் ஏவலர். 1895ஆம் ஆண்டின் இந்தியப் பதக்கத்திலும், 1900 சீனப் போர்ப் பதக்கத்திலும், 1903–04 திபெத் பதக்கத்திலும் இந்த இரண்டு உலோகங்களைக் காணலாம். குண்டு விழும்போது வெள்ளி, வெண்கலம் என்று பார்த்து விழவில்லை. பதக்கம்தான் பார்த்தது.

முதல் உலகப் போரிலும் இது தொடர்ந்தது. 1914 முதல் 1920 வரையிலான பணிக்கு 'பிரிட்டிஷ் போர்ப் பதக்கம்' கொடுத்தார்கள். வெள்ளியில் ஏறத்தாழ 65 லட்சம் அடித்தார்கள். வெண்கலத்தில் சுமார் 1 லட்சத்து 10 ஆயிரம். அந்த வெண்கலம் போய்ச் சேர்ந்தது சீன, மால்டா, இந்தியத் தொழிலாளர் படைகளுக்கு. இந்தியாவில் போருக்காகச் சேர்க்கப்பட்ட பல லட்சம் பேரில் ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் போரிடாப் பணியாளர்கள். பஸ்ராவில் மூட்டை இறக்கியவர்கள், மெசபடோமியாவில் தண்டவாளம் போட்டவர்கள், ஆஸ்பத்திரிக் கூடாரங்களைத் துப்புரவு செய்தவர்கள். போரை நடத்தியது இவர்களின் முதுகு. 'போரில் ஈடுபட்டவர்' என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களும் இவர்களே.

அங்கே தோட்டமும் போருக்கு உள்ளேதான் இருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். மெசபடோமியாவில் இந்தியச் சிப்பாய்களை ஸ்கர்வி நோய் வாட்டியது. பச்சைக் காய்கறி இல்லாததால் ஈறு வீங்கிப் பல் உதிரும் நோய் அது. காய்கறி பயிரிடுவது படையின் வேலைகளில் ஒன்றானது. ஆற்றோரத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் பாய்ச்சியவரும் போர்முனையில்தான் இருந்தார். துப்பாக்கி பிடித்தவனுக்கு வெள்ளி, அவன் பல்லைக் காத்தவனுக்கு வெண்கலம் என்ற பிரிவினையை நாம் எங்கிருந்து அறிவோம் என்று கேட்கத் தேவையில்லை. ஊரையும் சேரையும் பிரித்த கணக்கு ஒன்றைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

இரண்டாம் உலகப் போரில் ஒரு மாற்றம் வந்தது. 1939–45 ஸ்டார், ஆப்பிரிக்கா ஸ்டார், இத்தாலி ஸ்டார், பர்மா ஸ்டார் என்று ஆறுமுனை நட்சத்திரங்களைக் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே அச்சு, ஒரே கலப்பு உலோகம். தளபதிக்கும் சாப்பருக்கும் வேறுபாடு இல்லை. நாடாவின் நிறத்தை வைத்துத்தான் எந்தப் போர்முனை என்று சொல்ல முடியும். கருநீலமும் ஆரஞ்சும் ஓரத்திலிருக்க நடுவில் அகலமாகச் சிவப்பு ஓடினால் பர்மா. இவற்றோடு போர்ப் பதக்கம் ஒன்று. இந்தியாவிலேயே மூன்றாண்டு பணியாற்றியவர்களுக்கு 1946இல் ஏற்படுத்திய இந்திய சேவைப் பதக்கம் ஒன்று. இதில் இந்திய வரைபடம் இருக்கும்.

1947 ஆகஸ்ட் 15 அன்று படையில் இருந்தவர்களுக்கு இந்திய சுதந்திரப் பதக்கம் கிடைத்தது. அதன் ஒரு பக்கத்தில் அசோகச் சக்கரம், அதன் மேலேயே மணிமுடி. மறுபக்கம் அசோகரின் சிங்கங்கள். ஆட்சி கை மாறிய நேரத்தை ஒரு உலோகத் துண்டு இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னதில்லை. சக்கரம் வந்துவிட்டது, கிரீடம் இன்னும் இறங்கவில்லை.

போர்ப் பதக்கம் போனதற்கு அடையாளம். நெடும்பணி, நன்னடத்தைப் பதக்கம் தங்கியதற்கு அடையாளம். இந்தியப் படையினருக்கான அந்தப் பதக்கம் 1888இல் ஏற்பட்டது. அரசர் தலையைச் சுற்றிக் 'கைசர்-இ-ஹிந்த்' என்ற எழுத்து இருக்கும். நன்னடத்தை என்ற சொல்லில் நாம் சற்று நிற்க வேண்டும். குற்றப் பதிவேடு சுத்தமாக இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். சேரி ஆள் என்றாலே சந்தேகக் கண்ணோடு பார்த்த காலத்தில், இத்தனை ஆண்டுகளில் இவர்மேல் ஒரு குறையும் இல்லை என்று அரசே எழுதிக் கொடுத்தது. ஊர்க் கர்ணம் தர மறுத்த நற்சான்று அது.

4. எண்ணாகப் போனவர்களும் பெயரோடு போனவர்களும்

முதல் போர் முடிந்த பின் தமிழ்நாட்டின் பல ஊர்களில் சலவைக்கல் பலகைகள் வைத்தார்கள். திருச்சி காந்தி மார்க்கெட் அருகில் உள்ள மணிக்கூண்டிலும் ஒன்று இருக்கிறது. இந்த இடத்திலிருந்து இத்தனை பேர் பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்ற செய்திதான் இந்தப் பலகைகளில் இருக்கும். இரண்டு எண்கள், பெயர் இல்லை. ஒரு சந்தைக்கு வந்த மாடுகளையும் அப்படித்தான் எண்ணுவார்கள்.

ஊரில் மட்டும் இப்படி இல்லை. போரில் இறந்தவர்களின் கல்லறைகளைப் பேணுவதற்காக 1917இல் ஏகாதிபத்தியப் போர்க் கல்லறை ஆணையம் அமைந்தது. பதவி, இனம், மதம் என்ற வேறுபாடு இல்லாமல் எல்லாரையும் சமமாக நினைவுகூர்வது என்பது அதன் கொள்கை. பிரான்சில் நவ் ஷாப்பேல் என்ற இடத்தில் 1927இல் திறந்த இந்திய நினைவிடத்தில் 4,700க்கு மேற்பட்ட பெயர்கள் கல்லில் இருக்கின்றன. அது ஐரோப்பா. பஸ்ரா நினைவிடத்துக்கு வந்தால் இந்திய அதிகாரிகளின் பெயர் இருந்தது. சிப்பாய்களும் ஏவலர்களும் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையாக மட்டும் பொறிக்கப்பட்டார்கள். ஐரோப்பியர் பார்வை படும் இடத்தில் பெயர், படாத இடத்தில் எண்.

ஆணையமே நியமித்த குழு 2021 ஏப்ரலில் இதை ஒப்புக்கொண்டு அறிக்கை தந்தது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில் 45,000 முதல் 54,000 பேர் வரை சமமற்ற முறையில் நினைவுகூரப்பட்டார்கள் என்றும், குறைந்தது 1 லட்சத்து 16 ஆயிரம் பேர், ஒருவேளை 3 லட்சத்து 50 ஆயிரம் பேர் வரை, பெயரிட்டு நினைவுகூரப்படவேயில்லை அல்லது எவ்வகையிலும் நினைவுகூரப்படவில்லை என்றும் அது சொன்னது. இவர்களில் பெரும்பாலோர் இந்தியரும் ஆப்பிரிக்கரும் எகிப்தியரும். ஆணையம் மன்னிப்புக் கேட்டது. போர் முடிந்து நூறாண்டு கழித்து.

இந்தப் பின்னணியில்தான் பதக்கத்தின் விளிம்பு பெரிதாகிறது. ஊர்ப் பலகை எண்ணைச் சொன்னது. பஸ்ராவின் சுவர் எண்ணைச் சொன்னது. வருவாய்த் துறைப் பதிவில் பெயர் வந்தால் கூடவே சாதியும் ஒட்டிக்கொண்டு வந்தது. பதக்கத்தின் விளிம்பிலோ வழக்கமாக எண், பதவி, பெயர், படைப்பிரிவு. சாதி நிற்கும் இடத்தில் படைப்பிரிவு நின்றது. வெண்கலப் பதக்கத்திலும் பெயர் இருந்தது என்பதை மறக்கக் கூடாது. உலோகத்தால் தாழ்த்தியவர்கள் விளிம்பில் பெயரை எழுதாமல் இருக்க முடியவில்லை. தங்கள் முன்னோரின் பெயரை அரசு சாதியில்லாமல் எழுதிய முதல் எழுத்து பல குடும்பங்களுக்கு இதுவாகத்தான் இருக்கும்.

பெயர் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குக் கோரேகாவ் சான்று. 1818 ஜனவரி 1 அன்று நடந்த போரின் தூணில் இறந்தவர்களின் பெயர்களைப் பொறித்திருந்தார்கள். அவற்றில் 'நாக்' என்று முடிந்த 22 பெயர்களை வைத்து மகர் மக்கள் தங்கள் முன்னோரை அடையாளம் கண்டார்கள். 1927 ஜனவரி 1 அன்று அம்பேத்கர் அங்கே சென்றார். அது வெற்றித் தூணாக மட்டும் இருந்திருந்தால், பெயர் இல்லாமல் எண் மட்டும் இருந்திருந்தால், அந்தப் பயணத்துக்கு இடமே இருந்திருக்காது.

5. திரும்பி வந்தவர்

போரிலிருந்து திரும்பி வந்தவருக்கு என்ன கிடைத்தது? பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லாருக்கும் உரிமை உண்டு என்ற இரட்டைமலை சீனிவாசனின் தீர்மானம் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறியது 1924இல். அதாவது 1918இல் பஸ்ராவில் சாலை போட்டுவிட்டு வந்தவர், சொந்த ஊரில் சாலையில் நடக்கச் சட்டத்தின் துணைக்கு ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது. சட்டம் வந்த பிறகு ஊர் வழிவிட எத்தனை ஆண்டு ஆனது என்பது இந்த அவைக்குத் தெரியாததல்ல.

பட்டாளம் விட்டவருக்கு அரசு வேலை கிடைத்தால் பெரும்பாலும் கடைநிலைதான். காவலர், பியூன், தோட்டக்காரர். நம் அலுவலகங்களில் இன்னும் உலவும் பதவிப் பெயர்களைக் கவனியுங்கள். கலெக்டருக்கு முன்னால் தலைப்பாகையும் டவாலியும் அணிந்து நிற்பவர் டபேதார். குதிரைப் படையின் பதவிப் பெயர் அது. பொதுப்பணித் துறையில் வாய்க்கால் மதகைத் திறந்து மூடுபவர் லஸ்கர். பீரங்கி இழுத்தவரின் பெயர் அது. படை கலைந்த பிறகும் அதன் அடிமட்டப் பெயர்கள் சிவில் அலுவலகத்தின் அடிமட்டத்தில் போய் உட்கார்ந்துகொண்டன. சுபேதார் என்ற பெயர் அப்படி எந்த நாற்காலிக்கும் வரவில்லை.

தோட்டக்காரர் வேலை இவற்றில் தனித்தன்மை உள்ளது. பயணியர் மாளிகை, கலெக்டர் பங்களா, ஆஸ்பத்திரி, ரயில் நிலையம் எல்லாவற்றிலும் ஒரு தோட்டம் உண்டு. மண்வெட்டி பிடிக்கத் தெரிந்தவர், கோடு பிடித்தாற்போலப் பாத்தி கட்டப் பழகியவர், காலையில் சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பவர் என்றால் முன்னாள் சாப்பர் அதற்குப் பொருத்தம். தோட்டி வேலைக்குத்தான் இவர்கள் என்று எண்ணியவர்கள் நடுவே தோட்டக்காரர் ஆனது சிறு விலகல். பண்ணை நிலத்தில் அவர் உழைப்புக்குப் படி நெல். இங்கே மாதச் சம்பளம், வயதானால் பென்ஷன். மண் ஒன்றுதான், ஆண்டை இல்லை. ஆனாலும் படையில் கிடைத்த பெயர் இங்கே போய்விட்டது. அங்கே எண்ணும் பெயரும் சொல்லி அழைத்தார்கள். இங்கே 'ஏய் தோட்டக்காரா' என்றார்கள்.

இந்தக் கடைநிலைப் பணிக்கும் பேரரசு ஒரு பதக்கம் வைத்திருந்தது. 1902இல் ஏழாம் எட்வர்டு ஏற்படுத்திய இம்பீரியல் சர்வீஸ் மெடல். உயரதிகாரிகளுக்கு வேறு விருது. கடைநிலை ஊழியர் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெறும்போது இது. பொதுவாக 25 ஆண்டு வேண்டும். போருக்கு ஒன்று, படையில் நெடும்பணிக்கு ஒன்று, சிவில் பணிக்கு ஒன்று என்று மூன்றும் ஒரே மார்பில் சேர முடியும். சேர்ந்தால் அது ஒரு முழு வாழ்க்கை. 18 வயதில் ஊரை விட்டவர் 60 வயது வரை அரசின் மண்வெட்டியைக் கீழே வைக்கவில்லை என்று அதற்குப் பொருள். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தப் பதக்கம் இந்தியாவில் நின்றுபோனது. இன்று தோட்டக்காரர் ஓய்வு பெற்றால் ஒரு சால்வை, ஒரு குழுப் புகைப்படம்.

சிப்பாயும் தோட்டக்காரரும் ஒரே இடத்தில் சந்திக்கும் காட்சி சென்னையிலேயே உண்டு. நந்தம்பாக்கத்தில், பரங்கிமலைக்குப் பக்கத்தில், 1952இல் அமைத்த மெட்ராஸ் போர்க் கல்லறைத் தோட்டம். இரண்டாம் உலகப் போரில் இறந்த 850க்கு மேற்பட்டோர் அங்கே அடக்கம். ஒரே உயரக் கற்கள், நடுநடுவே பூச்செடி, வெட்டிவிட்ட புல். அங்கேயே முதல் போரில் இறந்து வேறு ஊர்களில் புதைக்கப்பட்ட 1,000க்கு மேற்பட்டோரின் பெயர்களைத் தாங்கிய நினைவுச்சுவரும் உள்ளது. இந்த ஆணையம் தொடங்கிய காலத்தில் பிரான்சிலும் பெல்ஜியத்திலும் கல்லறைகளைப் பேணப் போனவர்களில் பெரும்பாலோர் முன்னாள் சிப்பாய்கள். போரில் பிழைத்தவர், மாண்டவருக்குப் பூச்செடி வைத்தார். கல்லில் பெயர் உள்ளவரைப் பார்க்க மாலையோடு வருகிறார்கள். கல்லைச் சுற்றிப் புல் வெட்டியவரின் பெயரை அங்கே யாரும் தேடுவதில்லை.

6. இது பெருமையா?

இங்கே ஒரு கேள்வி எழும், எழ வேண்டும். அன்னியன் கொடுத்த பதக்கத்தை மார்பில் குத்திக்கொள்வதா? அந்தப் படைதானே நாடுகளைப் பிடித்தது, 1919இல் ஜாலியன்வாலாபாகில் சுட்டது?

இரண்டையும் நாம் மறைக்கக் கூடாது. பேரரசின் படை விடுதலைப் படை அல்ல. பசியைக் காட்டி ஆள் பிடித்தது, தேவை தீர்ந்ததும் கைவிட்டது, வெள்ளி என்றும் வெண்கலம் என்றும் பிரித்தது. ஆனால் இந்தக் கேள்வியை யாரிடம் யார் கேட்கிறார்கள் என்பதும் கேள்விதான். ஜமீன்தார்கள் வாங்கிய திவான் பகதூர் பட்டங்கள் குடும்பப் பெருமையாக வரவேற்பறையில் தொங்குகின்றன. அவற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. பர்மாக் காட்டில் பாலம் கட்டியவரின் பதக்கம் என்றால் மட்டும் தேசபக்திக் கணக்குக் கேட்கிறார்கள்.

பதக்கத்தின் முகத்தில் இருக்கும் அரசனை நாம் கொண்டாட வேண்டியதில்லை. இத்தாலியின் மிஞ்ஞானோவில் 1944 பிப்ரவரி 24 அன்று மெட்ராஸ் சாப்பர்ஸ் 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியின் சுபேதார் சுப்பிரமணியன், வெடிக்கப்போகும் கண்ணிவெடியின் மேல் விழுந்து உடனிருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தவர். அவருக்கு ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அந்த நொடியில் அவர் நினைத்தது எந்த ஜார்ஜையும் அல்ல, பக்கத்தில் நின்ற தோழனை. விருது அரசனுடையது, செயல் அவருடையது. நம் பெட்டியில் கிடக்கும் சிறிய பதக்கங்களையும் இப்படியே பிரித்துப் பார்க்கலாம்.

7. செய்ய வேண்டியது

பஞ்சாபில் முதல் உலகப் போர்க் காலத்து ஊர்வாரிப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்தன. சுமார் 3 லட்சத்து 20 ஆயிரம் படைவீரர்களின் விவரம் அவற்றில் இருந்தது. 2021 முதல் அவற்றை இணையத்தில் தேடிப் படிக்க முடிகிறது. இன்று அங்கே ஒரு பேரன் தன் ஊரைத் தட்டினால் பாட்டன் பெயர் வருகிறது. பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் அப்படி ஒன்று வேண்டும். அதை அரசு செய்யும் வரை காத்திருக்கத் தேவையில்லை. நாமே தொடங்கலாம்.

முதலாவது, பதக்கம் இருந்தால் அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பளபளப்பு வரும், விளிம்பில் எழுத்துப் போய்விடும். சாய்வான வெளிச்சத்தில் விளிம்பைப் படம் எடுத்து வையுங்கள். எண்ணையும் பெயரையும் படைப்பிரிவையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

இரண்டாவது, படையிலிருந்து விடுவித்த சான்றிதழ், பென்ஷன் தாள், நில ஒப்படை ஆணை ஆகியவற்றைத் தேடுங்கள். படைத் தாள்களில் தந்தை பெயர், ஊர், தாலுகா, சாதி எல்லாம் இருக்கும். பழைய தாளில் 'பறையன்' என்று இருந்தால் வெட்கப்பட்டுக் கிழித்துவிடாதீர்கள். 'ஆதி திராவிடர்' என்று அரசு எழுதத் தொடங்கியதே 1922ஆம் ஆண்டு ஆணைக்குப் பிறகுதான். சில குடும்பங்களுக்கு இந்தத் தாளோடு நிலமும் சேர்ந்து வரலாம். 1892 ஆணையின்படி ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலங்கள் எப்படிக் கைமாறின என்பதை நாம் அறிவோம். தாள் இல்லாதவர்தான் நிலம் இழந்தார்.

மூன்றாவது, கிடைத்த எண்ணைக் கொண்டு மேலே தேடுங்கள். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம், பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் அருங்காட்சியகம், லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்கள் ஆகியவை உள்ளன. இறந்துபோனவர் என்றால் போர்க் கல்லறை ஆணையத்தின் பெயர்ப் பட்டியலும் உண்டு.

நான்காவதுதான் கடினம். படையில் இருந்த ஆண்டுகளை மட்டும் எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அதற்குப் பிறகு வந்த முப்பது ஆண்டுத் தோட்ட வேலையையும் எழுதுங்கள். எந்த அலுவலகம், என்ன சம்பளம், எந்த மரத்தை அவர் வைத்தார் என்று கேட்டு எழுதுங்கள். பாட்டியிடம் கேளுங்கள், கூட வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். துப்பாக்கி பிடித்த நாலு ஆண்டை வரலாறு என்றும், மண்வெட்டி பிடித்த முப்பது ஆண்டைப் பிழைப்பு என்றும் நாமே பிரித்தால், வெள்ளியும் வெண்கலமும் வைத்துப் பிரித்தவர்களின் கணக்கை நாமும் ஏற்றுக்கொண்டவர்கள் ஆவோம்.

இரண்டு மாவட்டங்களிலும் ஒவ்வொரு காலனியிலிருந்தும் ஒரு பக்கம் எழுதினால் போதும். எழுதியவற்றை நம் மன்றம் தொகுத்து அச்சிடலாம். மணிக்கூண்டுப் பலகை சொல்லாமல் விட்ட பெயர்களை அந்தத் தொகுப்பு சொல்லும்.

ஜெய்பீம்.